மலை இறங்காமலே முடியும் வைத்தியம்



கேரள எல்லையோரத்தில், தேவிகுளம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையோடு இருக்கும் பெரியவருக்கு நள்ளிரவில், சிறுநீர் போகப் போட்டிருக்கும் குழாய் அடைத்துக்கொள்கிறது. அடிவயிறு வீங்கி வலியில் துடிக்கிறார். குழாய் மாற்றத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். பக்கத்து மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி 100 கிலோமீட்டருக்கும் மேல். போடிமெட்டு வழியே தேனிக்கு இறங்கினால் தூரம் குறையும், ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரோக்கியமானவரையே புரட்டி எடுத்துவிடும். மறையூர்க்காரர்கள் உடுமலைப்பேட்டைக்குப் போக, யானை நடமாடும் சின்னாறு காட்டைக் கடக்க வேண்டும். அட்டப்பாடியிலோ கோட்டத்தரை அரசு மருத்துவமனைக்கு அப்பால் மன்னார்க்காட்டுச் சுரம், இல்லையென்றால் ஆனைகட்டி வழியே கோவை.

குழாயை மாற்ற அரை மணி நேரம் போதும்.

மாரடைப்பு, பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கிளம்பத்தான் வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. தவிர்க்கக்கூடிய பயணங்கள் வேறு: நீர் வற்றிப்போன உடம்பு, சிறுநீர்த் தொற்று, முற்றவிட்ட சளி, படுக்கைப்புண். இவை எல்லாமே முன்கூட்டியே அடையாளம் காட்டும். அடைக்கப்போகும் குழாயிலும் பெரும்பாலும் சிறுநீர் கலங்கும், பையில் அளவு குறையும். கவனிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், பழக்கமில்லாத வார்டில் முதியவருக்குப் புத்தி தடுமாறுகிறது. சில நாள் படுக்கையிலேயே கால் வலு போய்விடுகிறது. போகும்போது நடந்தவர் திரும்பும்போது நடப்பதில்லை.

இது இங்கே மட்டும் உள்ள தொல்லை அல்ல. அமெரிக்காவில் 2011-ல் மட்டும், மெடிக்கேர் என்ற அரசுக் காப்பீட்டில், நர்சிங் ஹோம் எனப்படும் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களில் நான்கில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஆன செலவு 1,430 கோடி டாலர். ஜோசப் ஆஸ்லாண்டர் என்ற மருத்துவரின் குழு, 25 இல்லங்களில் ஊழியர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. இன்று சாப்பாடு குறைந்ததா, பேச்சு குறைந்ததா, வழக்கத்தைவிடத் தூக்கம் கூடியதா என்று பார்த்து, உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி சேர்க்கை 17 சதவீதம் குறைந்தது. பிறகு இதே முறையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2017-ல் வந்த அந்த முடிவில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. மிசௌரி மாநிலத்திலோ 16 இல்லங்களில், மேற்பயிற்சி பெற்ற நர்ஸ்களை முழுநேரப் பணியில் அமர்த்தினார்கள். அங்கே சேர்க்கை நன்றாகவே குறைந்தது. பயிற்சி மட்டும் போதாது, ஊழியர் சொல்வதைக் கேட்டு உடனே ஏதாவது செய்யத் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் கேரளத்தில் ஏற்கெனவே இருக்கிறார். பாலியேட்டிவ் சிஸ்டர்.

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய சிறு பாலியேட்டிவ், அதாவது வலி தணிப்புச் சிகிச்சை முயற்சி, மலப்புறத்தில் ஊர்மக்கள் கையில் வளர்ந்தது. 2008-ல் அது மாநில அரசின் கொள்கையானது. இந்தியாவில் இப்படி ஒரு கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி, பஞ்சாயத்துப் பணத்தில், பயிற்சி பெற்ற நர்ஸ் ஆஷா ஊழியரோடு வீடு வீடாகப் போகிறார். புண்ணுக்கு மருந்து கட்டுகிறார், குழாய் மாற்றுகிறார், பெரியவர் தண்ணீர் குடித்தாரா என்றும் கேட்கிறார்.

அந்தச் சுற்றில் முதியோர் இல்லமும் ஒரு வீடாகச் சேர வேண்டும். அங்கே இருப்பவர்களும் அந்தப் பஞ்சாயத்து வார்டின் மக்கள்தானே. சிஸ்டர் நள்ளிரவில் வர முடியாது. ஆனால் பகலில் வரும்போதே இல்லத்து ஊழியருக்குப் பையைப் பார்க்கவும், காய்ச்சலைக் குறித்து வைக்கவும் சொல்லித்தரலாம்.

எல்லையோரத்துக்கு இன்னொன்றும் வேண்டும். கோட்டயத்தில் ஒரு சீட்டு, தேனியில் ஒரு சீட்டு என்று வைத்தியம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொருவருக்கும் நோய், மருந்து, அழைக்க வேண்டிய எண் மூன்றையும் எழுதிய ஒரே தாள் தலைமாட்டில் இருக்கட்டும். இறுதிக்கட்டத்தில் தீவிர சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை முன்பே எழுதி வைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. அதை நிதானமாக உட்கார்ந்து பெரியவரிடமே கேட்க வேண்டும், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது அல்ல.

பாலியேட்டிவ் பணிக்குப் பஞ்சாயத்துகள் ஆண்டுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்குகின்றன. உங்கள் வார்டில் இல்லம் இருந்தால், அடுத்த கிராம சபையில் அதன் பெயரையும் சிஸ்டரின் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.