தாய்மொழிப் புதினத்தை வாங்குவார் யார்?



புதிய நடையில், புதிய அமைப்பில் தன் முதல் நூலை எழுதி முடித்த இளைஞன், பதிப்பகத்தின் வாயிலில் நிற்கின்றான். "இதனை வாங்குவார் யார்?" என்பதே அங்கு அவன் கேட்கும் முதல் வினா. நூலின் தரம் பின்னரே பேசப்படும். இவ் வினாவிற்கு ஆப்பிரிக்க மண்ணில் ஒருவர் விடை கண்டார்.

கெனிய நாட்டின் கூகி வா தியாங்கோ 1964 முதல் ஆங்கிலத்தில் புதினங்கள் வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தியவர். ஆயினும், எவருடைய துயரை அவர் எழுதினாரோ, அவ் வுழவரும் தொழிலாளரும் அந் நூல்களைப் படித்தறியும் நிலையில் இல்லை. 1977இல் கமிரீத்து ஊர்மக்களோடு கூடித் தாய்மொழியாகிய கிக்கூயு மொழியில் நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். ஆங்கிலப் புதினங்களைப் பொறுத்துக்கொண்ட அரசு, மக்கள் மொழியில் எழுந்த அந் நாடகத்தைப் பொறுக்கவில்லை. நாடகம் தடைசெய்யப்பட்டது. அவ் வாண்டின் இறுதி நாளில் அவரும் சிறைப்பட்டார். வழக்கு உசாவல் ஏதுமின்றி ஏறத்தாழ ஓராண்டு கமிதிச் சிறையில் கிடந்தார்.

அங்கேதான் கிக்கூயு மொழியில் தம் முதற் புதினத்தை எழுதினார். எழுதியது கழிப்பறைத் தாளில்! உடலை உறுத்தும் அம் முரட்டுத் தாள் எழுதுகோலுக்கு ஏற்றதாயிற்று. புதினமோ வழக்கமான அமைப்பினதன்று. திருடரும் கொள்ளையரும் தத்தம் திறத்தைப் பறைசாற்றிப் போட்டியிடும் அலகையின் விருந்தே அதன் நடுக்களம். நாட்டுப்புறப் பாணன் ஒருவன் எடுத்துரைப்பதுபோல் கதை நடக்கின்றது. "சைத்தானி முதரபைனி" என்பது அதன் பெயர். 'சிலுவையில் அலகை' என்பது பொருள்.

இத்தகைய நூலை அச்சிடத் துணிவார் யார்? ஐன்மன் பதிப்பகத்தின் நைரோபிக் கிளையை நடத்திய என்றி சக்காவா துணிந்தார். அவருடைய தாய்மொழி கிக்கூயு அன்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவருக்கு அச்சுறுத்தல்கள் வந்தன, தாக்குதலுக்கும் உள்ளானார். எனினும் பின்வாங்கவில்லை.

1980 ஏப்பிரல் திங்களில் 5,000 படிகள் வெளிவந்தன. அவை விற்றுத்தீர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பது பதிப்பகத்தின் கணக்கு. ஒரே திங்களில் மேலும் 5,000 படிகள் அச்சிட வேண்டியதாயிற்று! அவ் வாண்டிலேயே மூன்றாம் முறையும் 5,000 படிகள் அச்சேறின.

கணக்கு பொய்த்தது எதனால்? வாங்குவோரை எண்ணியவர்கள் கேட்போரை எண்ணவில்லை. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் உட்படக் குடும்பமே சூழ்ந்திருந்து கேட்டது. பேருந்துகளிலும் தொழிலிடங்களிலும் படிப்பு நடந்தது. குடிப்பகங்களில், சுவைமிக்க இடத்தில் படிப்பவரின் குவளை வற்றிவிடும். கேட்போர் அதனை நிரப்பிய பின்னரே கதை தொடரும்!

அவர் முன்பே புகழ்பெற்றவர், அதனால் நூல் விற்றது என்பார் உளர். பதிப்பாளரின் துணிவிற்கு அப் புகழ் துணைசெய்திருக்கலாம். ஆனால், ஆங்கிலத்தில் ஈட்டிய புகழ், ஆங்கிலமே அறியாதாரைக் கூட்டி உட்கார வைத்துக் கதை கேட்கச் செய்யுமோ? அதனைச் செய்தது மொழியன்றோ!

1982இல் கூகியே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பின்னர்த் தமிழிலும் அது வந்தது. தாய்மொழியில் முதலில் வேரூன்றிய நூலே கடல்கடந்து கிளை விரித்தது. கூகி 2025இல் மறைந்தார்; அவர் காட்டிய வழி மறையவில்லை.

தமிழில் புதுமை படைக்கும் இளைஞனுக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை எனின், பழி பதிப்பாளர் தலையில் மட்டும் விழுவதன்று. சக்காவாவைப் போன்ற பதிப்பாளரின் துணிவு பாதி; ஒரு படியை வாங்கிப் பத்துப் பேருக்குப் படித்துக்காட்டும் மக்களின் பற்று மறுபாதி. தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய், தமிழ் நூலொன்றை உரக்கப் படிக்கவும் வேண்டும். ஊர்தோறும் அப் படிப்பு தொடங்கட்டும்! "வாங்குவார் யார்?" என்னும் வினாவிற்குத் தமிழ்மக்களே விடையாகட்டும்!