பாடகி ஒருவரைப் பற்றிய மூன்று படங்கள்

(சங்க இளைஞர் பிரிவின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



‘புகழ்’ என்னும் பொருள் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்தபொழுது, திருக்குறளிலிருந்து தொடங்குவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதனைச் செய்ய எங்களிலும் தகுதி வாய்ந்தோர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கின்றார்கள். நாங்களோ, சென்ற விடுமுறைக்கு முன் பல்கலைக்கழக விடுதி அறையொன்றில், ஒரு மடிக்கணினியைச் சுற்றி அறுவர் நெருக்கியிருந்து பார்த்த விவரணப் படமொன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

படத்தின் நாயகி அமெரிக்கப் பாடகி டெமி லோவாற்றோ. 1992 இற் பிறந்து டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். சிறு பிள்ளையாயிருந்த காலத்திலேயே தொலைக்காட்சியிற் தோன்றியவர். டிஸ்னி நிறுவனத்தின் ‘காம்ப் ரொக்’ 2008 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினைந்து. உலகெங்கும் பிள்ளைகள் அவர் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். பதினேழாவது வயதிற் கொக்கேயினை முதன்முதல் தொட்டதாகப் பின்னர் அவரே கூறினார். 2010 இல் இசைப்பயணம் ஒன்றின் நடுவே, உடன் ஆடிய பெண்ணொருவரை அடித்துவிட்டு, பயணத்தைக் கைவிட்டுச் சிகிச்சை நிலையம் சென்றார். அப்பொழுது வயது பதினெட்டு. எங்கள் அறுவரில் மிக இளையவனுக்கும் அதிலும் இரண்டு வயது கூட.

இவரைப் பற்றிய படம் ஒன்றல்ல, மூன்று. நாங்கள் பார்த்தது மூன்றாவதனை. ஆயின் முதல் இரண்டையும் அறியாமல் அதனை விளங்கிக்கொள்ள முடியாது.

முதலாவது, 2012 மார்ச்சில் எம்.ரி.வி. ஒளிபரப்பிய ‘ஸ்ரே ஸ்ரோங்’. சிகிச்சை முடித்து வந்த இளம் பெண்ணொருத்தி தன் துன்பத்தைத் துணிவுடன் எடுத்துரைப்பதாக அது அமைந்தது. பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். இரண்டாவது, 2017 ஒக்டோபரில் யூரியூப்பில் வெளிவந்த ‘சிம்பிளி கொம்பிளிக்கேற்றட்’. அதிலே அவர் ஓர் உண்மையை உடைத்தார். போதையை விட்டுவிட்டேன் என்று முதலாவது படத்துக்காகப் பேசிய அந்நாட்களிலேயே தாம் கொக்கேயின் மயக்கத்தில் இருந்ததாகச் சொன்னார். அப்படியாயின் 2012 இல் நெகிழ்ந்தவர்கள் எதைக் கண்டு நெகிழ்ந்தார்கள்?

மிஷன் பாடசாலையிற் படித்த எங்களிற் சிலருக்கு இந்தப் படங்களின் அமைப்புப் புதிதன்று. காலைக் கூட்டத்தில் எப்போதாவது விருந்தினர் ஒருவர் வந்து ‘சாட்சி’ சொல்வார். இருளில் இருந்தேன், வெளிச்சத்துக்கு வந்தேன் என்று அக்கதை இரண்டே பாகமாக அமையும். மூன்றாம் பாகம் என்று ஒன்றை நாங்கள் கேட்டதில்லை. வந்தவர் அதன் பின்னர் எவ்வாறிருந்தார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவுமில்லை. அடுத்த பாடம் கணிதமாயிருக்கும். அந்தப் பயமே பெரிது.

இரண்டாவது படமும் இரண்டு பாகக் கதையாகவே முடிந்தது: அன்று பொய் சொன்னேன், இன்று உண்மையாகவே விட்டுவிட்டேன். 2018 மார்ச்சில் ஆறாண்டு நிறைவை அறிவித்தார். வாழ்த்துகள் குவிந்தன. அதே ஆண்டு யூன் மாதத்தில், தாம் மீண்டும் வழுவிவிட்டதாகப் பெற்றோரிடமும் இரசிகர்களிடமும் மன்னிப்புக் கேட்கும் பாட்டொன்றை வெளியிட்டார். அடுத்த மாதம் 24 ஆந் திகதி, மிதமிஞ்சிய போதையால் நினைவிழந்து கிடந்த அவரை வீட்டில் உதவியாளர் கண்டெடுத்தார்.

மூன்றாவது படமாகிய ‘டான்சிங் வித் த டெவில்’ இங்கிருந்துதான் தொடங்குகின்றது. மைக்கல் ராற்னர் இயக்கி, 2021 மார்ச்சில் நான்கு பாகமாக வெளிவந்தது. அவர் உட்கொண்ட ஹெரோயினில் ஃபென்ரனில் கலந்திருந்ததென்று அதிற் சொல்லப்படுகின்றது. ஃபென்ரனில் ஹெரோயினிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு வலிமையுடையது. மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை அது மந்தப்படுத்தும். மூச்சு நின்றால் இரத்தத்திற் பிராணவாயு குறையும்.  லோவாற்றோவுக்கு மூன்று முறை பாரிசவாதமும் ஒரு மாரடைப்பும் ஏற்பட்டன. இன்னும் ஐந்து பத்து நிமிடம் தாமதித்திருந்தாற் பிழைத்திருக்கமாட்டார் என்று வைத்தியர்கள் கூறினராம். உயிர் மீண்டது, பார்வையிற் குருட்டிடங்கள் நிலைத்துவிட்டன. ஒரு புத்தகத்தை வாசிக்க இரண்டு மாதம் சென்றதென்றும், இனிக் கார் ஓட்ட இயலாதென்றும் அவர் சொல்லும்போது எங்கள் அறையில் எவரும் பேசவில்லை.

ஆயினும் எங்களை அதிகம் உலுக்கியது அதுவன்று. அன்று காலை அம்புலன்சுக்கு அழைத்த தொலைபேசிப் பதிவு பின்னர் வெளியாயிற்று. உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், ஊதுகுழல் ஒலியெழுப்பாமல் வரமுடியுமா என்று அழைத்தவர் கேட்கின்றார். அவரைக் குறைகூற எங்களால் முடியவில்லை. அத்தனை ஆண்டு அவ்வீட்டிற் பழகியவருக்கு, அயலார் அறிவதும் பத்திரிகைக்காரர் அறிவதும் சாவுக்கு நிகரான பயமாய் ஊறிப்போயிருந்தது.

இன்னுமொன்று. லோவாற்றோவுக்கு உணவு பற்றிய நோயும் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் அவர் உண்பதையெல்லாம் காவல் செய்தார்கள். பல ஆண்டுகளாகப் பிறந்த நாளுக்கு அவருக்குக் கேக் இல்லை. வத்தகப்பழத்தின் மேற் கொழுப்பற்ற கிறீம் பூசி மெழுகுதிரி ஏற்றினார்கள். நன்மைக்கென்றே செய்தார்கள். ஆனால் அத்தனை கண் காவலிருந்தும் அவர் வழுவியதை எவரும் காணவில்லை. 2018 இல் இசைப்பயணத்தைப் படம்பிடிக்க வேறொரு படக்குழு அவரைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. அவர் சிரித்துப் பேசும் அக்காட்சிகளிற் சில இந்தப் படத்தில் வருகின்றன. கமெராவுக்கும் தெரியவில்லை.

படத்தை முழுக்க மெச்ச எங்களுக்கு மனமில்லை. அதனோடு ஒட்டி, அதே பெயரோடு, பாட்டுத் தொகுதியும் விற்பனைக்கு வந்தது. துயரத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று எங்களிலொருவன் கேட்டான். கேள்வி நியாயமானதே. எனினும் நான்காம் பாகத்தில் அப்படம் தன்னைத்தானே மறுக்க இடங்கொடுக்கின்றது. மதுவையும் கஞ்சாவையும் அளவோடு கொள்வது தமக்குப் பொருந்துமென்று லோவாற்றோ கூறுகின்றார். உடனேயே, 1990 முதல் போதையைத் தொடாத முதிய பாடகர் எல்ற்றன் ஜோன் தோன்றி, அளவோடென்பது நடவாத காரியம் என்று முகத்துக்கு நேரே சொல்லுமாப்போற் சொல்கின்றார். இருவர் சொல்லும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. படம் வெளிவந்து ஒன்பது மாதங்கூட ஆகாமல், அவ்வாண்டு டிசெம்பரில், அளவோடென்ற வழியைத் தாம் கைவிட்டதாகவும் முற்றாக விடுவதே வழியென்றும் லோவாற்றோ அறிவித்தார். படத்திலோ இன்றும் பழைய பேச்சே இருக்கின்றது. அதனை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் திருத்தம் தெரியவராது.

இவ்விடத்தில் எங்கள் நண்பன் ஒருவன் சொன்னதைச் சொல்லவேண்டும். ஊரும் பேரும் சொல்லாமற் சொல்ல அவனிடம் அனுமதி பெற்றிருக்கின்றோம். அவனுடைய தகப்பனார் குடியை விட்டு ஓராண்டு நிறைந்தபோது, ஊரில் ஒரு விழா மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். அவரும் நாலு வார்த்தை பேசினார். பேச்சு நன்றாகவே இருந்ததாம். மூன்று மாதத்தின் பின், ஒரு செத்தவீட்டில், மறுபடி தொட்டுவிட்டார். மாலை போட்டவர்களிடம் போய் அதனைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கோயிலுக்குப் போகும் ஒழுங்கையை மாற்றினார். வாசிகசாலைக்கு வருவதை விட்டார். ஒளித்துக் குடித்ததில் முன்னையிலும் அதிகமாயிற்று. மாலை போடாதிருந்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருப்பார் என்பது அவன் எண்ணம். அது சரியோ பிழையோ நாங்கள் அறியோம். அந்த விழாவில் நாங்களும் இருந்திருந்தால் முந்திக்கொண்டு கைதட்டியிருப்போம் என்பது மட்டும் நிச்சயம்.

இப்பொழுது அவர் மீண்டும் விட்டிருக்கின்றார். விடுமுறையில் நாங்கள் அவன் வீட்டுக்குப் போகும்போது, படலையடியில் நின்று அவன் மெல்லச் சொன்னான்: “மச்சான், அப்பாட்டை எத்தினை நாளாச்சு எண்டு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ.”

கேட்கவில்லை. அவர் எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றார். புதிதாய் நட்ட மிளகாய்க் கன்றுகளிற் சில இலை சுருண்டிருந்தன. அதற்கு என்ன மருந்தடிப்பதென்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.