கால்கள் காத்த மலை



இன்று ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறு. இந்தக் கூட்டத்தை நாம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியபோது அயர்லாந்தில் மதியம் ஒன்றரை மணி. அந்த நாட்டின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், க்ரோ பேட்ரிக் என்றொரு மலை இருக்கிறது. உள்ளூரார் அதை ரீக் என்பார்கள். இன்றைய தினத்துக்குப் பெயரே ரீக் ஞாயிறு. பாட்டிகள், பேரப்பிள்ளைகள், குருமார்கள், கல்லூரி மாணவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கைத்தடியோடு ஏறும் நாள் இது. சிலர் செருப்பில்லாமல் ஏறுவார்கள். வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் நடப்பவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்தவர்களே இங்கே நிறைய இருக்கிறீர்கள். ஆகவே கடல் கடந்து, அந்த மலைக்கே உங்களை அழைத்துப்போக விரும்புகிறேன்.

உயரம் 764 மீட்டர். "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அடிவாரத்து ஊரான மரிஸ்க் கடலோரத்தில் இருக்கிறது. அதனால் அந்த 764 மீட்டரையும் காலால்தான் ஏறித் தீர்க்க வேண்டும். பாதி வழிவரை ஓடையோரமாக ஒருவாறு போய்விடலாம். அதற்குப் பிறகு மலை கூம்பாக நிமிர்கிறது. முழுக்க உடைந்த கல், சரளைச் சரிவு. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். கால் பிசகியவர்களையும் தலை சுற்றி விழுந்தவர்களையும் மீட்புக் குழுவினர் தூக்குப்படுக்கையில் இறக்குவது ஆண்டுதோறும் நடப்பதுதான். கீழே வெயில் அடிக்கும். மேலே மேகம் மூடிக் கடுங்காற்று வீசும். 2015இல் வானிலை மோசமாகி யாத்திரையை ரத்து செய்தார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கானோர் ஏறினார்கள்.

ஏன் இந்த மலை? 5ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்கு நற்செய்தி கொண்டுவந்த புனித பேட்ரிக், தவக்காலத்தின் நாற்பது நாளும் இதன் உச்சியில் நோன்பிருந்தார் என்பது மரபு. 7ஆம் நூற்றாண்டிலேயே டீரெகான் என்ற ஆயர் இதை எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் முன்னே, ஜூலை இறுதியில் அறுவடைத் தொடக்கத்தைக் கொண்டாட மக்கள் இந்த மலையில் கூடினார்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். அதனால் பேட்ரிக்கின் பெருமை குறையாது. மக்கள் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த மலையில் ஏறித்தான் அவர் அவர்களைச் சந்தித்தார்.

ஏறினால் மட்டும் யாத்திரை முடிந்துவிடாது. பேட்ரிக்கின் சீடர் பெனிக்னஸின் நினைவாக வழியில் ஒரு கற்குவியல் இருக்கிறது. அதை ஏழு முறை சுற்ற வேண்டும். ஏழு முறை 'எங்கள் பிதாவே', ஏழு முறை 'அருள் நிறைந்த மரியே', ஒரு விசுவாசப் பிரமாணம். உச்சியில் ஆலயத்தைப் பதினைந்து முறை சுற்ற வேண்டும். பிறகு பேட்ரிக்கின் படுக்கை எனப்படும் இடத்தை ஏழு முறை. மேற்குச் சரிவில் மூன்று கற்குவியல்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு சுற்று. ஏறிக் களைத்த கால்தான் இத்தனையும் சுற்றுகிறது!

இந்த நடையை நிறுத்த எத்தனை சோதனைகள் வந்தன! 1113இல் பேட்ரிக் திருநாள் இரவில் மலைமேல் நோன்பிருந்த முப்பது பேர் இடி விழுந்து மாண்டார்கள் என்று அயர்லாந்தின் பழைய ஆண்டேடுகள் குறிக்கின்றன. அடுத்து சட்டம் வந்தது. யாத்திரை போகிறவனுக்குப் பத்து ஷில்லிங் அபராதம், கட்ட முடியாவிட்டால் பொது இடத்தில் கசையடி என்று 1704இல் சட்டம் இயற்றினார்கள். மலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், 1216இல் கட்டிய பாலின்டபர் மடாலயம் இருக்கிறது. பழைய யாத்திரைச் சாலை புறப்படும் இடம் அதுதான். 1653இல் ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படை அதற்குத் தீ வைத்தது. கூரை போன ஆலயத்தில், மழையில் நனைந்தபடி, தலைமுறை தலைமுறையாக மக்கள் திருப்பலி கண்டார்கள். 1966இல்தான் திரும்பக் கூரை வேய்ந்தார்கள். அந்தப் பழைய சாலையும் 1987இல் மறுபடி திறக்கப்பட்டது.

ஒரு மனிதரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ராபர்ட் பின் என்பது அவர் பெயர். 'ரீக் பாப்' என்று ஊர் அழைத்தது. மலையிலேயே வாழ்ந்தார். நேர்ந்துகொண்டுவிட்டு ஏற முடியாமல் போன கிழவர்கள், நோயாளிகள் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காக இவர் ஏறினார். அவர்கள் பேரில் சுற்றி வந்து ஜெபித்தார். ஊரார் கொடுத்ததில் வயிறு வளர்த்தார். 1838இல் இறந்தபோது மலைமேலேயே அடக்கம் செய்தார்கள். பிறருடைய வேண்டுதலைத் தன் முழங்காலில் சுமந்த அந்த ஏழையைப் பெரிய மேடைகளில் யாரும் பேசுவதில்லை. இந்த மேடையில் பேசிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

அவர் மறைந்து ஏழு ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பெரும் பஞ்சம். 1849 மார்ச் இறுதியில், மலைக்கு மேற்கே உள்ள லூயிஸ்பர்க்கில், நிவாரணத்துக்குத் தகுதி உண்டா என்று சோதிக்க அதிகாரிகள் வருவதாகக் கேள்விப்பட்டு நூற்றுக்கணக்கான ஏழைகள் கூடினார்கள். அதிகாரிகளோ அங்கே சோதிக்கவில்லை. 19 கிலோமீட்டர் தள்ளி டெல்ஃபி என்னும் இடத்தில் ஒரு மாளிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் நிவாரணம் கிடையாது! பட்டினி கிடந்த உடம்போடு, இரவில், குளிரில், டூலாக் பள்ளத்தாக்கு வழியே நடந்தார்கள். வழியோரத்தில் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை கணக்கு ஒத்துப்போகவில்லை. வேண்டுதலுக்கு ஏறிப் பழகிய கால்களை ஒரு பிடி உணவுக்காக அப்படி நடக்க வைத்தார்கள், ஐயா! இன்று மரிஸ்க்கில் மலை ஏற வருபவர் எதிரிலேயே ஒரு வெண்கலக் கப்பலைக் காண்பார். அதன் பாய்க்கயிறுகளாகத் தொங்குபவை எலும்புக்கூடுகள். பஞ்சத்தில் கப்பலேறி நடுக்கடலில் மாண்டவர்களுக்கு 1997இல் திறந்த தேசிய நினைவுச் சின்னம் அது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதையில் கால் வைக்க வேண்டியிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பஞ்சத்தில் எஞ்சியவர்களின் பிள்ளைகள்தான் 1905இல் உச்சியில் இன்றைய ஆலயத்தைக் கட்டினார்கள். கழுதை முதுகிலும் மனிதர் தோளிலும் சிமென்ட் மேலே போனது. ஜூலை 30ஆம் தேதி அர்ச்சிப்பு.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய சோதனை. 1980களில் அந்த மலைக்குள் தங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மேயோவில் அப்போது வேலை இல்லை; இளைஞர்கள் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் ஊரில், தங்கச் சுரங்கம் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சொன்னார்கள். மலையைத் தோண்டாதே என்று ஊர் திரண்டு நின்றது. மாவட்ட மன்றமும் சுரங்கத்துக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. தங்கம் இன்றும் உள்ளேதான் கிடக்கிறது. இந்த மலையைச் சட்டம் போட்டு எந்த அரசனும் காக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதில் கால் பதித்தவர்கள் காத்தார்கள். என் பேச்சின் சாரமே இதுதான்.

ஆனால் அந்தக் கால்களே இப்போது மலையைத் தேய்க்கின்றன. யாத்திரை நாளில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் ஏறுகிறார்கள். மண் அரித்துப் பாதை அகன்று, பச்சை மலையில் வெள்ளைத் தழும்பு தூரத்திலிருந்தே தெரியும்படி ஆனது. ஊராரும் மன்றமும் திருச்சபையும் கூடி, 2021 முதல் கல் அடுக்குபவர்களை வைத்துப் பாதையைச் சீர்படுத்தினார்கள். சிமென்ட் கிடையாது. அந்த மலையின் கல்லையே கையால் அடுக்கிப் படி கட்டினார்கள். அந்தக் கல்தச்சர்களையும் யாத்திரிகர்களின் வரிசையில்தான் நான் வைப்பேன்.

உங்களில் யாருக்காவது போகும் வாய்ப்பு வந்தால் டப்ளினிலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து மரிஸ்க் பக்கம்தான். அடிவாரத்தில் ஒரு கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம். மழைச்சட்டை அவசியம். ரீக் பாப் பேரில் ஒரு சுற்று சேர்த்துச் சுற்றுங்கள்.