வெப்பம் விட்டுச் சென்ற இழுப்பு

சித்திரை, வைகாசி மாதங்களில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழையில் நீரைக் குடித்துப் பருத்த மண், கோடையில் உலர்ந்து சுருங்க முயல்கிறது. ஈரம் மாறாத அடிமண்ணோ மேல்மண்ணைச் சுருங்க விடுவதில்லை. இந்த இழுபறியைத் தாங்க மாட்டாமல் மேல்மண் பிளந்துவிடுகிறது. பிணைந்திருக்கும் இரண்டில் ஒன்று சுருங்க, மற்றொன்று மறுத்தால், வெளியிலிருந்து எவரும் இழுக்காமலேயே உள்ளே ஓர் இழுவிசை பிறக்கும் என்பது இதனால் விளங்குகிறது.

கரிசலில் ஈரம் செய்வதை வேறிடங்களில் வெப்பம் செய்கிறது. இதை நன்கு அறிந்து பயன்படுத்தியவர்கள் நம் வண்டித் தச்சர்களும் கொல்லர்களும் ஆவர். ரப்பர் சக்கரங்கள் பரவுவதற்கு முன், கருவேல மரத்தாலான சக்கரத்துக்கு இரும்புப் பட்டா பூட்டுவார்கள். சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டாவின் சுற்றளவு சற்றுக் குறைவாகவே இருக்கும். வறட்டியை அடுக்கித் தீ மூட்டிப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 480 சென்டிமீட்டர். வெப்பம் 500 டிகிரி ஏறினால் அதன் பட்டா ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அந்நிலையில் அதைச் சக்கரத்தில் மாட்டி நீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி, வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தோடு இறுக்கிவிடும்.

தீ அணைந்துவிட்டது; ஆனால் தீ தந்த இறுக்கம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இவ்வாறு வெப்பம் நீங்கிய பின்னும் பொருளுக்குள் தங்கிவிடும் விசையையே 'எஞ்சிய தகைவு' என்கிறோம். கோடையில் மரம் உலர்ந்து பட்டா தளர்ந்தால், சக்கரத்தைக் கண்மாய் நீரில் ஊறப் போடுவதும் வழக்கம். மரம் பருத்து, இழந்த இறுக்கம் மீளும்.

சக்கரத்தைக் காத்த இதே தகைவு, ஆகாய விமானத்தில் பொறியியலறிஞர்களுக்குக் கவலை தருவதாயிற்று. 1970களில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், அலுமினியத்தாலான விமான உறுப்புகளில் விரிசல் கண்ட இடங்களில், போரான் இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த ஒட்டுகளைப் பசையால் ஒட்டிப் பழுதுபார்த்தார்கள். தறையாணிக்குத் துளையிட வேண்டியதில்லை. ஒட்டின் எடையும் குறைவு. எனினும் இவ்வகை ஒட்டுகளுக்குரிய பசைகளில் பல, சுமார் 120 டிகிரிச் சூட்டில்தான் கெட்டிப்படும்.

அங்கிருந்து 20 டிகிரிக்குக் குளிரும்போது, தடையின்றி விட்டால், ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் சுருங்கும். போரான் ஒட்டு, இழையின் திசையில், அதில் ஐந்தில் ஒரு பங்கே சுருங்கும். பசை இரண்டையும் பிணைத்திருப்பதால் அலுமினியம் விரும்பியவாறு சுருங்க முடியாமல் இழுபட்டு நிற்கிறது. விரிசலை மூட வந்த ஒட்டே அதைச் சற்றுத் திறக்கவும் முற்படுகிறது! பசையின் ஓரங்களில்தான் இத்தொல்லை மிகுதி. விமானம் 11 கிலோமீட்டர் உயரம் ஏறினால், வெளிக்காற்றின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 56 டிகிரி அளவில் இருக்கும். ஒட்டிய சூட்டுக்கும் இதற்கும் 176 டிகிரி வேறுபாடு! இழுப்பு மேலும் கூடுகிறது.

அப்படியானால் ஒட்டுவதைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சுமையைத் தான் தாங்கிக்கொள்வதால் ஒட்டு தரும் நன்மை பெரிது. எஞ்சிய தகைவை முன்கூட்டியே கணக்கிட்டு அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்துப் பசையைக் கெட்டிப்படுத்தலாம். ஒட்டின் ஓரத்தைப் படிப்படியாக மெலியச் செய்யலாம். கார்பன் இழைத் தகட்டோடு உலோகத்தைச் சேர்க்க நேர்ந்தால், அலுமினியத்துக்குப் பதிலாக, அதில் பாதிக்கும் குறைவாகவே விரியும் டைட்டானியத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாணவ நண்பர்களே, ஓர் இணைப்பைக் காணும்போது, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் சூட்டில் இணைத்தார்கள், எந்தக் குளிரில் அது உழைக்கப்போகிறது என்றும் கேளுங்கள். பாரம் ஏறுவதற்கு முன்பே அதற்குள் ஓர் இழுப்பு குடியிருக்கக்கூடும். கரிசல் வெடித்துக் காட்டிவிடுகிறது. உலோகமோ முறியும் வரை சொல்லாது.