எடை போட்டோம், பேசினோமா?



இந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் எனக்கு 'குழந்தையும் சூழலும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வசதியான தலைப்பு. பெற்றோரைத் திட்டலாம், செல்போனைத் திட்டலாம், கைதட்டலும் கிடைக்கும். நான் உங்களை ஜமைக்காவுக்குக் கூட்டிப்போகிறேன். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அதன் தலைநகர் தெரியும்: சபினா பார்க் மைதானம் இருக்கும் கிங்ஸ்டன்.

1986-87. அந்த நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற ஆய்வாளரின் குழு தேர்ந்தெடுத்தது. எல்லாம் 9 மாதம் முதல் 24 மாதம் வரையான பிள்ளைகள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. அடுத்த பிரிவுக்கு மாவு கிடையாது. வாரத்துக்கு ஒருநாள் ஒரு பெண் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் உண்டு. நான்காவதற்கு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த அந்தப் பெண் யார் தெரியுமா? டாக்டர் இல்லை, மனோதத்துவம் படித்தவரும் இல்லை. உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர். பெரிய படிப்பு கிடையாது, பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். (மையத்தைப் பூட்டிய கையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அங்கன்வாடி டீச்சர் சிரிக்கிறீர்கள். ஆமாம், உங்களைப் போன்றவர்தான்.) கையில் ஒரு பை. பைக்குள் காலி பிளாஸ்டிக் பாட்டிலிலும் அட்டையிலும் செய்த விளையாட்டுச் சாமான், படப்புத்தகம். அவர் பிள்ளைக்குப் பாடம் நடத்த வரவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாட வைப்பதுதான் அவர் வேலை. குளிப்பாட்டும்போது என்ன பேசலாம், பிள்ளை 'ஆ' என்றால் பதிலுக்கு என்ன சொல்லலாம், எதற்கெல்லாம் பாராட்டலாம் என்று தாய்க்குக் காட்டிக்கொடுப்பார். சாமானை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு கொண்டுவருவார். இப்படி இரண்டு வருஷம்.

இரண்டு வருஷ முடிவில் மாவு வாங்கிய பிள்ளைகளும் தேறியிருந்தார்கள், விளையாடிய பிள்ளைகளும் தேறியிருந்தார்கள். இரண்டும் பெற்றவர்கள் எல்லோரையும்விட மேலே. இது யாரும் ஊகிக்கக் கூடியதுதான். ஊகிக்க முடியாத செய்தி இருபது வருஷம் கழித்து வந்தது. பிள்ளைகளுக்கு 22 வயது ஆனபோது தேடிப் போனார்கள். 129 பேரில் 105 பேர் கிடைத்தார்கள். வீட்டில் விளையாட்டு நடந்த பிரிவினரின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சிறுவயதில் உயரம் குறையாமல் வளர்ந்த பிள்ளைகள் வாங்கும் சம்பளத்தை இவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். அடிதடிக்குப் போவதும் குறைந்திருந்தது. மாவு மட்டும் வாங்கியவர்களுக்கு? அந்தப் பலன் கரைந்துபோயிருந்தது. சம்பாத்தியம் பற்றிய கணக்கு 2014-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரையாக வந்தது. எழுதியவர்களில் ஒருவர் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன். காசுக் கணக்குப் பார்க்கிறவர்களும் ஒப்புக்கொண்ட விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன்.

'அப்படியென்றால் சோறு வேண்டாமா?' என்று கேட்டுவிடாதீர்கள். பசித்த பிள்ளைக்கு எந்த விளையாட்டும் ஏறாது. அதை இந்த மாநிலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது கஜானா தாங்குமா என்று கேட்டவர்கள் உண்டு. 1995-ல் மதிய உணவை நாடு முழுவதற்குமான திட்டமாக மத்திய அரசே அறிவித்தது.

ஆனால் சோறு கிடைத்தும் வளராத பிள்ளைகள் இருந்தார்கள். ருமேனியாவில். மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று அந்த நாட்டை ஆண்ட சௌஷெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். பெற்றவர்கள் பலர் வளர்க்க வழியில்லாமல் அரசு இல்லங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். வேளைக்குப் பால், வேளைக்குக் குளியல், எல்லாம் அட்டவணைப்படி. ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். அழுதால் ஓடிவர, இவள்தான் என் ஆள் என்று ஒட்டிக்கொள்ள, ஒருவரும் இல்லை. அங்கே போய்ப் பார்த்தவர்கள் முதலில் திகைத்தது, கைக்குழந்தைகள் நிறைந்த அறையில் அழுகைச் சத்தமே கேட்காததைக் கண்டுதான்.

பின்னால் புக்கரெஸ்ட் நகரில் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 136 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். முதல் வருஷத்திலேயே அந்தப் பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் மளமளவென்று ஏறினார்கள். எந்த வீட்டில் கொஞ்சலும் கவனிப்பும் அதிகமோ, அந்த வீட்டுப் பிள்ளையின் வளர்ச்சியும் அதிகம். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன், அதற்குப் பிறகு போனவர்களைவிட நன்றாக இருந்தது.

இரண்டு வயது என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நம் அங்கன்வாடி மையத்தில் பிள்ளை வந்து உட்காருவதே இரண்டு வயது முடிந்த பிறகுதான். அதுவரை அந்த வீட்டுக்குச் சத்துமாவுப் பாக்கெட் போகிறது, தடுப்பூசி போகிறது. மாதாமாதம் எடை பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறோம். டவர் கிடைக்காமல் மொட்டைமாடிக்கு ஏறிய டீச்சர்களும் இங்கே இருப்பார்கள். எடைக்குக் கொடுத்த இந்த மரியாதையில் பாதியைப் பேச்சுக்கு நாம் கொடுக்கவில்லை.

'அந்தக் காலத்தில் பாட்டிகள் இருந்தார்கள்' என்று யாராவது எழுந்து சொல்வீர்கள். இருந்தார்கள். பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கொரு வாய் ஊட்டி, கையில் நண்டை ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினார்கள். நண்டு முழங்கையைத் தாண்டுவதற்குள் பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியும். ஜமைக்காப் பெண் பையில் கொண்டுபோனதும் இதைத்தான். அதற்காகப் பாட்டி காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே பாட்டி பேத்திக்குக் கடைந்ததைவிடப் பேரனுக்குக் கூடுதலாகவே கடைந்திருப்பாள். இன்றைக்கு அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து ராத்திரி வருகிறாள். அவளிடம் 'பிள்ளையோடு பேசு' என்று மேடையிலிருந்து உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

2024-ல் மத்திய அரசு 'நவ்சேத்னா' என்று, பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகளோடு விளையாடுவதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் சமையல், பதிவேடு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் பார்க்கும் டீச்சரிடம் இன்னொரு புத்தகத்தையும் நீட்டி வீடு வீடாகப் போகச் சொன்னால், அதற்கு நேரத்தை யார் கொடுப்பது?

ஒடிசாவில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். சில கிராமங்களில் வீட்டுக்கே போய் விளையாட வைத்தார்கள். வேறு கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் வாரம் ஒருமுறை தாய்மாரையும் பிள்ளைகளையும் ஓரிடத்தில் கூட்டி வைத்து அதையே செய்தார். 2020-ல் முடிவு வெளியானது. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பலன். கூட்டமாக நடத்தியதில் செலவு மிகக் குறைவு.

ஆகவே என் கோரிக்கை சின்னது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடம் சாயங்காலம் ஐந்து மணி வரை பூட்டித்தான் கிடக்கிறது. வாரத்தில் ஒருநாள் காலை ஒரு மணி நேரம், கைக்குழந்தைக்காரர்களுக்குத் திறந்துவிடுங்கள். வேலைக்குப் போகிற அம்மாவுக்குப் பதிலாக அப்பாவோ தாத்தாவோ தூக்கிக்கொண்டு வரட்டும். பாயும் காலிப் பாட்டிலும் நாங்கள் கொண்டுவருகிறோம். வாசகர் வட்டத்தின் செயலாளர் மேடையிலேயே இருக்கிறார். சாவியை யாரிடம் வாங்குவது என்று அவர் சொல்லிவிட்டால் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.