உறுமிக்கு எந்தக் கேபிள்?

2006-இல் யோகி பி & நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் வெளிவந்த பிறகு, நாமும் தமிழில் ராப் பாடலாம் என்ற துணிச்சல் மலேசியாவில் எத்தனையோ இளைஞர்களுக்கு வந்தது. இங்கே ஜொகூரில் ஸ்கூடாய், மாசாய், குளுவாங் பக்கமும் படுக்கையறையில் பழைய சாம்பிளரை வைத்து, உறுமி அடியை அதில் ஏற்றிப் பீட் கட்டும் பிள்ளைகள் உண்டு. கட்டிய பீட்டைக் கணினிக்கு டிஜிட்டல் கேபிளில் கொண்டுபோவதா, அனலாக் கேபிளிலா? அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

டிஜிட்டலில் சாம்பிளருக்குள் இருக்கும் எண்கள் அப்படியே போய்ச் சேரும். அனலாக்கில் எண்கள் மின்னழுத்தமாகி, ஆடியோ இண்டர்ஃபேஸில் மறுபடி எண்களாகும். இந்த இரட்டை மாற்றத்தில் தரம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். இன்றைய சாதாரண இண்டர்ஃபேஸ்கூட அதை நன்றாகவே செய்கிறது.

உண்மையான எதிரி இரைச்சல். சாம்பிளரும் லேப்டாப்பும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால், எர்த் கம்பி வழியாக ஒரு சுற்று உண்டாகி, 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ பீட்டில் ஏறும். உறுமியின் இழுப்பொலியும் கீழ்த்தொனிதான். அடி ஓடும்போது இரைச்சல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அடி நின்று பாடகர் மூச்செடுக்கும் இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அந்தச் சுற்றுதான். சாம்பிளரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. டிஜிட்டல் வகைகளில் ஒன்றான ஆப்டிகல் கேபிளில் ஒளிதான் போகிறது, மின்தொடர்பே கிடையாது. அதனால் அதன் வழியாக இந்தச் சுற்று உண்டாகாது.

டிஜிட்டலுக்கும் ஒழுங்கு வேண்டும். சாம்பிளர் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் கணினியிலும் அதையே வையுங்கள். இண்டர்ஃபேஸின் கிளாக்கை வெளியிலிருந்து வரும் சிக்னலுக்கு மாற்றுங்கள். மறந்தால் ‘டிக் டிக்’ என்று வெடிப்பொலி விழும். இன்னொரு டிஜிட்டல் வகையான கோஆக்சியல் கேபிளுக்குப் பணம் இல்லையா? பழைய விசிடி பிளேயரின் மஞ்சள் வீடியோ கேபிள் 75 ஓம்தான், அதுவே போதும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் டிஜிட்டல் பொருந்தாது. 1987-இல் வந்த ஈமு எஸ்பி-1200 சாம்பிளர், 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. அதில் டிஜிட்டல் வெளியீடே இல்லை. உலகம் கொண்டாடும் அதன் கரகரப்பில் ஒரு பங்கு வெளியீட்டு ஃபில்டர்களில்தான் இருக்கிறது. அனலாக் கேபிளில் எடுத்தால்தான் அந்தக் கருவி பேசும். தவிலையும் உறுமியையும் தனித்தனி டிராக்காகப் பிரித்து எடுக்கவும் பல கருவிகளில் அனலாக் வெளியீடுகள்தான் கைகொடுக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: பாட்டுக்கு அனலாக்கிலேயே எடுங்கள், உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவியில் டிஜிட்டல் வெளியீடு இருந்தால், அதிலும் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய சாம்பிளர்களின் பிளாப்பி டிஸ்குகள் கெட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் கிடக்கும் உங்கள் பீட்டுகளை இந்த வாரமே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.