ஐம்பத்திரண்டில் இருபத்தேழு



52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால், 35 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய உண்டு. "கவனமே இல்லை" என்று தலையில் ஒரு குட்டு வைக்கிறோம். கவனம் இருந்ததால்தான் அந்த விடை வந்தது. இரண்டில் ஏழு போகாது. அதனால் பிள்ளை ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து போட்டிருக்கிறது. ஐந்தில் இரண்டு போக மூன்று. "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று நாம் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. 52-இல் உள்ள ஐந்து, ஐந்து பத்துகள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பழைய தமிழ் எண்களில் பத்து, நூறு, ஆயிரம் மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஐந்து, பத்து, இரண்டு என வரிசையாக எழுதினால் 52. இன்றைய எழுத்தில் பத்து கண்ணில் படாது; இடத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு வயதுக்கு அது லேசான காரியமில்லை.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதில் இருபத்தேழு கொடு" என்று கேளுங்கள். உதிரியில் ஏழு இல்லையே என்று பிள்ளை முழிக்கும். அப்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது. பெற்றோருக்கு இதுதான் கஷ்டம். சற்று நேரத்தில் தானே ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு உதிரியும் இரண்டு கட்டும் கொடுத்தால் மிச்சம் 25. 'பக்கத்தில் கடன் வாங்கு' என்பதையெல்லாம் அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

பள்ளிகளை எடுத்துக்கொண்டால், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது சரியான வழி. ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தும் ஏசர் (ASER) கல்வி ஆய்வும் இப்படிக் கடன் வாங்கும் கழித்தலைக் கேட்டுப் பார்க்கிறது.

கழித்தலுக்கு இன்னொரு வழியைக் கடைகளில் பாருங்கள். 27 ரூபாய் சாமானுக்கு 50 ரூபாய் நீட்டினால், மூன்று ரூபாய் வைத்து "முப்பது" என்பார் கடைக்காரர். இரண்டு பத்து வைத்து "ஐம்பது" என்பார். அவர் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போனார்! மீதி 23 சரியாக வந்துவிட்டது. இப்போது நாம் செல்போனை நீட்டிவிடுகிறோம். சில்லறை எண்ணும் வாய்ப்பு பிள்ளைகளுக்குப் போயே போய்விட்டது.

இந்த வாரம் ஒருநாள் செல்போனைப் பையில் வையுங்கள். பத்து ரூபாய் நோட்டுகள் நாலைந்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மீதியை அதுவே எண்ணி வாங்கட்டும்.